ஆயாவுக்கு என்ன சம்பளம்?

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு இரவு. மகனைத் தூங்கவைத்துவிட்டு வந்து, நான் தட்டச்சு செய்துகொண்டிருந்த மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார் அம்மா. கொஞ்ச நேரம் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கறன், கோச்சிக்க மாட்டியே. இந்தப் புள்ளையப் பாத்துக்கறதுக்கு எனுக்கு மாசம் எவ்ளோ குடுப்ப?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அண்ணா நகர் வூட்ல கடைசியா எட்டாயிரம் குடுத்தாங்க. அதுவே பத்து வருசத்துக்கு முந்தி. நூறு நாள் வேலைல ஏரிக்கரைல மரத்தடில குந்தினு புள்ளைங்களப் பாத்துக்கினதுக்குக்கூட கூலி வந்துது. நீ மட்டும் ஏன் ஒண்ணும் குடுக்க மாட்டற?"

"சொந்தப் பேரனப் பாத்துக்கறதுக்கு யாராவது கூலி கேப்பாங்களாம்மா?"

இதைச் சொன்னது நான். விவசாயக் கூலிப் பெண்களின் கணக்கில் வராத உழைப்பைப் பற்றி ஐந்து வருடமாக ஆய்வு செய்துகொண்டிருக்கும் நான். அந்த இரவில் நான் தட்டச்சு செய்துகொண்டிருந்ததும் அதே ஆய்வேட்டின் மூன்றாம் இயல்தான். அம்மா பதில் சொல்லாமல் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். நான் அதற்கு மேல் அன்றைக்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

எங்கள் பக்கத்தில், அதாவது விழுப்புரம், செங்கல்பட்டு, திருவண்ணாமலை வட்டாரங்களில், பாட்டியை 'ஆயா' என்றுதான் கூப்பிடுவோம். சென்னையில் சம்பளத்துக்குப் பிள்ளை வளர்க்க வருபவருக்கும் அதே பெயர். அங்கன்வாடி உதவியாளரையும் ஊரில் ஆயா என்றே சொல்கிறார்கள். அம்மாவை அண்ணா நகர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் பன்னிரண்டு வருடம் ஆயா என்று கூப்பிட்டன. இப்போது என் மகனும் ஆயா என்று கூப்பிடுகிறான். முதல் ஆயாவுக்கு மாதச் சம்பளம், தீபாவளிக்குப் புடவை, பொங்கலுக்கு நான்கு நாள் விடுப்பு. இரண்டாவது ஆயாவுக்கு எதுவும் இல்லை. செய்யும் வேலையில் என்ன வித்தியாசம் என்று யோசித்துப் பார்த்தேன். அங்கே மாலையில் பிள்ளைகளைப் பூங்காவுக்கு அழைத்துப்போக வேண்டும். எங்கள் தெருவில் பூங்கா இல்லை. அவ்வளவுதான்.

குழந்தை வளர்ப்பு வேலையா என்ற கேள்விக்கு இந்த நாட்டில் அதிகாரப்பூர்வமாகக் கிடைத்திருக்கும் பதில்களைக் கொஞ்சம் பார்ப்போம்.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வீட்டு வேலையும் பிள்ளை வளர்ப்பும் செய்யும் பெண்களை 'உழைப்பவர் அல்லாதோர்' பட்டியலில் வைத்தது. அதே பட்டியலில் பிச்சை எடுப்பவர்களும் பாலியல் தொழில் செய்பவர்களும் சிறைக் கைதிகளும் இருந்தார்கள். 2010இல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்தது. (அந்தப் பட்டியலில் இருந்த மற்றவர்களை இழிவாக நினைப்பதால்தான் நமக்கு அந்த ஒப்பீடு அவமானமாகத் தெரிகிறது என்பது வேறு கதை. பாலியல் தொழிலில் உழைப்பு இல்லை என்று யார் சொன்னது?)

நீதிமன்றங்கள் இல்லத்தரசியின் உழைப்புக்கு விலை போட்ட வழக்குகளை வரிசையாகப் படித்தால் ஒரு விசித்திரம் தெரியும். அநேகமாக அத்தனையும் இறந்துபோன பெண்களைப் பற்றியவை. 1989இல் ஜாம்ஷெட்பூர் இரும்பாலை விழாப் பந்தலில் ஏற்பட்ட தீ விபத்தில் இறந்த பெண்களின் வழக்கில், 2001இல் உச்ச நீதிமன்றம் ஒரு இல்லத்தரசியின் சேவைக்கு மாதம் 3,000 ரூபாய் என்று மதிப்பிட்டது. 2021இல் இன்னொரு சாலை விபத்து வழக்கில், இல்லத்தரசிக்குக் கற்பிதமான வருமானம் ஒன்றை நிர்ணயிக்கத்தான் வேண்டும் என்று மீண்டும் சொன்னது. அதாவது, லாரி மோதினால் காப்பீட்டு நிறுவனம் தர வேண்டிய தொகைக்காக அவள் உழைப்பு கணக்கிடப்படும். உயிரோடு சமைத்துக்கொண்டும் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டும் இருக்கும்வரை கணக்கு கிடையாது.

விதிவிலக்காக ஒன்று உண்டு. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அளித்த தீர்ப்பு. கணவர் சவுதியில் வேலை செய்து பணம் அனுப்பினார், மனைவி இங்கே குடும்பத்தையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். அந்தப் பணத்தில் வாங்கிய சொத்து யாருக்கு? அவர் சம்பாதிக்க முடிந்ததே இவர் வீட்டைச் சுமந்ததால்தான், ஆகவே சம பங்கு உண்டு என்றது தீர்ப்பு. முக்கியமான தீர்ப்பு, மறுக்கவில்லை. ஆனால் பங்கு கேட்க முதலில் சொத்து இருக்க வேண்டும். என் அப்பாவின் பெயரில் ஒரு தொகுப்பு வீடும் இரண்டு ஆடுகளும் இருந்தன.

எண்கள் வேண்டும் என்பவர்களுக்கு ஒன்றிய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இருக்கிறது. ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடங்களும், ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகிறார்கள். 15 முதல் 59 வயதுக்குட்பட்டவர்களில் குழந்தைகள், முதியவர்கள் போன்றோரைப் பராமரிக்கும் பெண்கள் 41 சதவீதம், ஆண்கள் அதில் ஏறக்குறைய பாதி. என் மகன் இரவு இரண்டு மணிக்கு இருமினால் அம்மா எழுந்து உட்கார்ந்து, அவன் மறுபடி ஒழுங்காக மூச்சு விடும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். அது எந்த நிமிடத்தில் சேரும் என்று தெரியவில்லை. எந்தக் கைவேலையும் நடக்காத நேரம் அது. ஆனால் அவரால் தூங்கவும் முடியாது, வேறெங்கும் போகவும் முடியாது.

இதுவரை சொன்னதைப் பெண்ணியக் கட்டுரைகள் பலவற்றில் நீங்கள் படித்திருப்பீர்கள். இந்த இடத்தில் சாதியைக் கொண்டுவராமல் பேசினால் பாதிதான் பேசியதாகும்.

1936 நவம்பரில் 'ஹரிஜன்' இதழில் காந்தி ஒரு கட்டுரை எழுதினார். மலம் அள்ளும் தொழிலாளி சமூகத்துக்குச் செய்வது, தாய் தன் குழந்தைக்குச் செய்வதைப் போன்றது என்பது அதில் அவர் வைத்த ஒப்பீடு. தாய் குழந்தையின் அழுக்கைக் கழுவி அதன் நலத்தைக் காக்கிறாள். அதுபோல இவர் ஊரின் நலத்தைக் காக்கிறார். ஆகவே இது புனிதக் கடமை. முதன்முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. குழந்தை பெற்ற பிறகு மறுபடி படித்தபோது, காந்தி தன்னை அறியாமல் ஒரு உண்மையைச் சொல்லியிருக்கிறார் என்று தோன்றியது. இந்தச் சமூகம் இரண்டு பேரையும் ஒரே தந்திரத்தால்தான் நடத்துகிறது. காசு கொடுக்க வேண்டிய இடத்தில் கும்பிடு போடுகிறது. தாய் தெய்வம், தூய்மைப் பணி தவம். தெய்வத்துக்கு எதற்குச் சம்பளம், தவத்துக்கு எதற்கு வார விடுப்பு?

அம்பேத்கர் இந்தத் தந்திரத்தை விடவில்லை. காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன என்று அவர் 1945இல் எழுதிய நூலில், மலம் அள்ளுவதை உயர்ந்த சேவை என்று அதைச் செய்ய நிர்ப்பந்திக்கப்பட்டவர்களிடமே உபதேசிப்பது எவ்வளவு குரூரமான கேலி என்று தோலுரித்திருக்கிறார். அதே அம்பேத்கர், தாய்மையைப் புகழ்ந்து நேரத்தை வீணடிக்கவில்லை. 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசியபோது, பேறுகாலத்தில் தொழிலாளிப் பெண்ணுக்கு ஓய்வு கிடைப்பது நாட்டு நலன் சார்ந்தது, அதன் செலவில் அரசுக்கும் பொறுப்பு உண்டு என்ற கோணத்தில் வாதாடினார். பிறகு வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வைத்திருந்தபோது, சுரங்கத் தொழிலாளிப் பெண்களின் மகப்பேறு உதவிச் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவந்தார். யார் செலவு, யார் பொறுப்பு என்பதுதான் அவரது கேள்வியாக இருந்தது.

காந்தியின் ஒப்பீட்டில் ஒரு பொய்யும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். தாயும் தூய்மைத் தொழிலாளியும் ஒன்றல்ல. சாதி இந்து வீட்டுத் தாய் குழந்தையைக் கழுவிவிட்டுக் கையைக் கழுவினால் தீட்டு போய்விடும். தொழிலாளிக்குப் பரம்பரைக்கும் போகாது. அதோடு, சாதி இந்து வீட்டில்கூட அந்த வேலை முழுவதையும் தாயே செய்ததில்லை. பிரசவம் பார்த்த மருத்துவச்சி யார்? தீட்டுத் துணியை வெளுத்தவர் யார்? பிறப்பைச் சுற்றியிருந்த ரத்தமும் மலமும் எந்தச் சாதிகளின் கைகளில் விடப்பட்டன என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். உடலோடு, கழிவோடு தொடர்புள்ள எந்த வேலையும் கேவலம் என்பது பார்ப்பனியத்தின் அடிப்படைப் பாடம். குழந்தை வளர்ப்புக்கு மதிப்பில்லாமல் போனதில் ஆணாதிக்கத்துக்கு எவ்வளவு பங்கோ, அந்தப் பாடத்துக்கும் அவ்வளவு பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அண்ணா நகர் வீட்டில் அம்மாவின் டம்ளர் தனி. பால்கனியில் துவைக்கும் கல்லுக்கு மேலிருந்த அலமாரியில் இருக்கும். அவர்கள் சாதியைக் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. கேட்காமலே டம்ளர் தனியாகிவிட்டது. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைக்குச் சோற்றைப் பிசைந்து வாயில் ஊட்டியது அம்மாவின் கைதான். இதில் உள்ள முரண் அந்த வீட்டில் யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கு அது வெகுகாலம் புரியாமல் இருந்தது. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண்ணைச் சாதி இந்துக்கள் தடுத்தார்கள் என்ற செய்தி வந்தபோதுதான் கொஞ்சம் பிடிபட்டது. தொடுவது அவர்களுக்குச் சிக்கல் இல்லை. வீட்டுக்குள் வேலைக்காரியாக, அவர்கள் சொன்னால் நின்றுவிடும் சம்பளத்தில் இருக்கும்போது அதே கை ஊட்டலாம். அரசு ஊதியத்தோடும் உரிமையோடும், அவர்களால் வேலையைவிட்டு நிறுத்த முடியாத இடத்தில் வந்து நின்றால் அந்தக் கை தீட்டாகிவிடும்.

'வீட்டோடு இருக்கும் தாய்' என்று நாம் பேசுகிறோமே, அவர் யார்? என் அம்மா என்றைக்கும் அப்படி இருந்ததில்லை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது அவர் நாற்று நடப் போனார். வரப்போரம் புங்க மரத்தில் ஏணை கட்டி என்னைப் போட்டிருப்பார். நான் தவழ ஆரம்பித்ததும் ஏணை போதவில்லை. அக்காவைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். அவள் அப்போது நான்காம் வகுப்பு. என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்ததில் அவள் இடுப்பு ஒரு பக்கம் காய்ப்புக் காய்த்திருந்தது என்று இன்றும் சொல்லிச் சிரிப்பாள். இப்போது சிப்காட்டில் ஷூ கம்பெனிக்குப் போகிறாள். காலை ஐந்தரைக்கே வேன் வந்துவிடும். என் பெயருக்கு முன்னால் முனைவர் என்று போடும் நாள் வந்தால், அதற்கு முதன்முதலில் கட்டணம் கட்டியவள் அவள்தான், நான்காம் வகுப்போடு.

தலித் குடும்பங்களில் குழந்தைப் பராமரிப்பின் செலவைப் பெரும்பாலும் இப்படி மூத்த பெண்பிள்ளைதான் கட்டியிருக்கிறாள். இடைநிற்றல் என்று கல்வித்துறை அறிக்கைகளில் வருவதற்குப் பின்னால் எத்தனை இடுப்புகளில் எத்தனை தம்பி தங்கைகள் இருந்தார்கள் என்று எந்த அறிக்கையும் கேட்டதில்லை. பிறகு எனக்குப் பத்து வயதானபோது நான் ஆதிதிராவிடர் நல விடுதியில் சேர்ந்தேன், அம்மா சென்னைக்குப் பிள்ளை வளர்க்கப் போனார். வேறு யாருடைய பிள்ளைகளையோ. எனக்கு முதல் மாதவிடாய் வந்தபோது பக்கத்தில் இருந்தது விடுதிக் காவலர் அக்கா. அந்த வாரம் அண்ணா நகர்ப் பையனுக்கு அம்மை போட்டிருந்ததாம், அம்மாவால் வர முடியவில்லை.

1970களில் மேற்கே 'வீட்டு வேலைக்குக் கூலி' என்று ஒரு இயக்கம் எழுந்தது. அதற்கு ஏஞ்சலா டேவிஸ் 1981இல் எழுதிய நூலில் ஒரு பதில் உண்டு. கறுப்பினப் பெண்கள் பல தலைமுறைகளாக வெள்ளையர் வீடுகளில் கூலிக்குத்தான் வீட்டு வேலை செய்துவந்திருக்கிறார்கள், அந்தக் கூலி அவர்களை விடுவித்துவிட்டதா என்பது அவர் கேட்டதன் சாரம். கூலியே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. கூலி மட்டும் வந்து, வேலை அதே பெண்ணின் தலையில், அதே நான்கு சுவருக்குள் நின்றுவிட்டால் என்ன பயன் என்பதே கேள்வி. அம்மாவின் வாழ்க்கையைத் தெரிந்த எனக்கு இந்த வாதம் உடனே பிடித்துப்போனது. கொஞ்சம் வசதியாகவும் இருந்தது. கூலி விடுதலை தராது என்று டேவிஸே சொல்லிவிட்டார், ஆகவே நான் அம்மாவுக்குக் கொடுக்க வேண்டியதில்லை! கோட்பாடு இப்படியும் பயன்படும்.

நம் தோழர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. என்னோடு முதுகலை படித்த ஒருத்தி, அவள் வீட்டில் முதல் பட்டதாரி. மாணவர் அமைப்பில் முன்னணியில் நின்றவள். குழந்தை பிறந்து மூன்று வருடமாக வேலைக்குப் போகவில்லை. ஒரு கூட்டத்தில் அவள் பேச்சு வந்தபோது ஒரு தோழர் சொன்னார்: "அவ்ளோ பேசுவா, கடைசில வீட்ல சும்மா உக்காந்துட்டா." யாரும் மறுக்கவில்லை, நானும்தான். பெரியார் பிள்ளைப்பேற்றைப் பெண்ணின் அடிமைத்தனத்தோடு சேர்த்துப் பேசியதை நாம் மேற்கோள் காட்டுவோம். அது அந்தப் பெண்ணைக் கட்டிப்போடும் ஏற்பாட்டின் மீது அவர் வைத்த விமர்சனம். அதை எடுத்து, பிள்ளை வளர்த்துக்கொண்டிருக்கும் பெண்ணைக் கேலி செய்யும் கல்லாக மாற்றிக்கொண்டது நாம்தான். அவள் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று சொன்ன தோழரின் மகனை வளர்ப்பது அவர் மனைவி. அவர் ஒன்றும் ஊர் ஊராகக் கூட்டத்துக்குப் போகவில்லை.

அந்தத் தோழி வேலைக்குப் போகாததற்குக் காரணம் கேட்டேன், பிற்பாடு. அவளும் என்னைப் போலச் சாதி மறுத்துத் திருமணம் செய்தவள். இரண்டு வீட்டிலும் யாரும் வரவில்லை. தனியார் காப்பகத்துக்குக் கேட்ட தொகை அவளுக்குக் கிடைக்கக்கூடிய சம்பளத்தில் பாதிக்கும் மேல்.

இங்கேதான் நான் சொல்ல வந்த இடம். இந்தியாவில் குழந்தைப் பராமரிப்பு என்பது ஒரு பெரிய இலவசச் சேவை. அதை வழங்குவது சாதிக் குடும்பம். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு அழைத்துப்போவது, பேறு பார்ப்பது, மூன்று மாதமோ ஐந்து மாதமோ மருந்துச்சாறும் பத்தியச் சோறும் போடுவது, பிறகு மாமியாரோ அம்மாவோ வந்து தங்கிப் பிள்ளையைப் பார்ப்பது. எல்லாம் இலவசம், ஒரே ஒரு நிபந்தனையோடு: நீ அவர்கள் காட்டிய சாதிக்குள் கட்டியிருக்க வேண்டும். மீறினால் நகை, நிலம் மட்டும் அல்ல, இந்தச் சேவையும் ரத்து. என் இணையரின் அம்மா இன்னும் தன் பேரனைப் பார்க்க வரவில்லை. ஒரே பேரன்தான். அவரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை, ஊர் அவரை வரவிடாது.

அகமணமே சாதியின் உயிர்நிலை என்று அம்பேத்கர் 1916இலேயே எழுதினார். அகமணத்தை ஊர்க் கட்டுப்பாடும் அரிவாளும் மட்டும் காப்பாற்றவில்லை. கீழ்ப்படிந்தவர்களுக்குக் கிடைக்கும் இந்தச் சலுகைகளும் காப்பாற்றுகின்றன. எத்தனையோ சாதி மறுப்பு இணையர்களை நமக்குத் தெரியும், மேடையில் உறுதிமொழி எடுத்தவர்கள், குழந்தை பிறந்ததும் மெல்ல மெல்ல ஒரு வீட்டோடு சமரசமாகி, குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தி, பிள்ளையை அந்தச் சாதிப் பிள்ளையாகவே வளர்க்கிறார்கள். கொள்கையில் ஓட்டை என்று நாம் திட்டுவோம். இரவெல்லாம் அழும் பிள்ளையோடு, காலை ஒன்பதுக்கு வேலைக்குப் போக வேண்டிய இரண்டு பேர் என்னதான் செய்வார்கள் என்று கேட்பதில்லை.

1967இல் அண்ணா சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வாங்கித் தந்தார். 1989இல் பெண்ணுக்குச் சொத்துரிமை வந்தது. திருமணம் முடிந்து இரண்டு வருடத்தில் வரும் தேவையைப் பற்றி இயக்கங்கள் போதுமான அளவு பேசவில்லை. தெருவுக்குத் தெரு, ஆறு மாதக் குழந்தை முதல் சேர்க்கக்கூடிய, மாலை ஆறு மணிவரை திறந்திருக்கும் அரசுக் காப்பகம் என்பது என்னைப் பொறுத்தவரை சாதி ஒழிப்புக் கோரிக்கை. சேரிப் பிள்ளையும் ஊர்ப் பிள்ளையும் ஒரே பாயில் தூங்கி எழும் இடம் என்பதாலும்தான்.

இதற்கான எலும்புக்கூடு இருக்கிறது. தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. ஆனால் அவை கூலிக்குப் போகும் தாயின் நேரத்துக்கு ஓடுபவை அல்ல, தவழும் பிள்ளையை நாள் முழுக்க வைத்துக்கொள்பவையும் அல்ல. அங்கே வேலை செய்யும் பெண்களை அரசு எப்படிப் பார்க்கிறது? 1975இல் திட்டம் தொடங்கியதிலிருந்து ஒன்றிய அரசின் ஏட்டில் அவர்கள் 'மதிப்பூதியம்' பெறும் தொண்டர்கள். 2018இல் உயர்த்தியபோதும் ஒன்றிய அரசு நிர்ணயித்த தொகை பணியாளருக்கு மாதம் 4,500, உதவியாளருக்கு 2,250. மாநிலங்கள் தம் பங்குக்குக் கூடுதலாகத் தருகின்றன, தமிழ்நாட்டில் சிறப்புக் காலமுறை ஊதியம் உண்டு. ஆனாலும் அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று சொல்வதற்கே 2022இல் உச்ச நீதிமன்றம் வர வேண்டியிருந்தது. வீட்டில் தாய்க்குச் சொன்ன அதே கதைதான், இது வேலை அல்ல, தொண்டு.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியபோது ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். உதவித்தொகை என்று சொல்லாமல் உரிமைத்தொகை என்று சொன்னதும், பெண்களின் ஊதியமற்ற உழைப்புக்கான ஏற்பு என்று விளக்கியதும் சின்ன விஷயங்கள் அல்ல. இலவசம் என்று கேலி செய்த மேட்டுக்குடி ஆண்களுக்குத் தங்கள் சட்டையைத் துவைத்தது யாரென்று தெரியாது. ஆனால் நாளுக்கு 33 ரூபாய் என்ற கணக்கும் இருக்கிறது. உரிமை என்று ஒப்புக்கொண்ட பிறகு, எவ்வளவு என்று கேட்கும் உரிமையும் நமக்கு வந்துவிடுகிறது. விண்ணப்பம் நிரப்ப வந்த தன்னார்வலர் அம்மாவிடம் என்ன வேலை என்று கேட்டபோது, அம்மா "சும்மாதான் இருக்கறன்" என்று சொன்னார். பேரன் அப்போது அவர் இடுப்பில் இருந்தான்.

அம்மா சொன்ன நூறு நாள் வேலைக்கு வருகிறேன். 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. வேலையிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால், வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரை அவர்களைப் பார்த்துக்கொள்ள நியமிக்க வேண்டும், அவருக்கும் கூலி தர வேண்டும் என்றது அது. பல ஊர்களில் இது ஏட்டோடு நின்றது. எங்கள் ஊரில் ஒரு கோடை முழுக்க நடந்தது. மண் வெட்டியவருக்குப் போட்ட அதே கூலிதான் பிள்ளை பார்த்தவருக்கும். அம்மா எந்தப் பெண்ணியக் கூட்டத்துக்கும் வந்ததில்லை. பிள்ளை பார்ப்பது வேலைதான், அதற்கு மண் வெட்டும் கூலியே உண்டு என்பதை அவர் ஏரிக்கரையில் கைநாட்டு வைத்துத் தெரிந்துகொண்டார். நான் எட்டு இயல்களில் நிறுவப் பார்ப்பது அதைத்தான்.

அன்றைய இரவுக்குப் பிறகு இரண்டு நாள் வீட்டில் யாரும் இதைப் பேசவில்லை. மூன்றாம் நாள் என் இணையர்தான் ஆரம்பித்தார். அவர், "நானும் உதவிதானே பண்றேன்" என்று தொடங்க, நான் "உதவியா?" என்று பாய, அது எங்கள் சண்டையாகப் போய்விட்டது. அம்மா நடுவில் வந்து, "உங்க சண்டைய அப்பறம் வச்சிக்கங்க, என் கணக்க முடிங்க" என்றார்.

என்னுடைய ஆய்வு உதவித்தொகை சில மாதம் வரும், சில மாதம் வராது. பேறுகால விடுப்பாக ஆய்வு மாணவிகளுக்கு 240 நாள் உண்டு என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி சொன்னாலும், அந்த விடுப்பு முடிந்து வந்த பிறகு என் கோப்பு எந்த மேசையில் இருந்தது என்று கண்டுபிடிக்கவே ஏழு மாதமானது. இணையரின் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. ஆகவே பேரம் நடந்தது. அம்மா பத்தாயிரம் கேட்டார். ஏழாயிரத்தில் முடிந்தது, என் உதவித்தொகை வரும் மாதங்களில் பத்து. பணத்தை அப்பா கண்ணில் படாத தன் அஞ்சலகக் கணக்கில் போட வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை லீவு என்றார். லீவு என்றால் பேரனைக் கொஞ்சுவேன், ஆனால் கழுவ மாட்டேன், ஊட்ட மாட்டேன் என்று விளக்கமும் சொன்னார். இணையருக்கு இரவு முறை: பத்து மணிக்கு மேல் பிள்ளை எழுந்தால் அவர் பொறுப்பு. முதல் பத்து நாள் அழுகை கேட்டதும் எழுந்துபோன அம்மாவை, நான் கையைப் பிடித்து உட்காரவைக்க வேண்டியிருந்தது.

போன மாதம் ஊருக்குப் போனபோது பக்கத்து வீட்டு அத்தை, "பேரனப் பாக்கறதுக்குக் காசு வாங்கறியாமே" என்று அம்மாவிடம் கேட்டார். குரலில் கேலி இருந்தது. அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "ஆமா. நீ எவ்ளோ வாங்கற?" என்றார். அத்தையின் இரண்டு பேரப்பிள்ளைகளும் திண்ணையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன, மருமகள் கம்பெனி வேனில் போயிருந்தாள். அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எவ்ளோ கேக்கலாம்?" என்றார்.